கோட்டோரம் விழுந்த பந்து

சான்ட்ரா பல் டாக்டர். தஞ்சாவூரில் அவள் ஆடும் டென்னிஸ் கிளப்பின் மண் கோர்ட்டில் அவளைப் போல ஓங்கி அடிக்கிற பெண் வேறு யாருமில்லை. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் சரசா. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், வலது முழங்காலில் பட்டை போட்டிருந்தார்.

சரசா எதையும் அடிக்கவே இல்லை. வந்த பந்தைத் திருப்பினார், அவ்வளவுதான். சான்ட்ரா எவ்வளவு வேகமாக அடித்தாலும் பந்து மெதுவாக, உயரமாக மிதந்து வந்து கோர்ட்டின் கடைசியில் விழுந்தது. பொறுமையிழந்து அவள் கோட்டை ஒட்டி அடிப்பாள். உடனே அங்கே ஒரு விரல் உயரும்.

"அவுட்."

அம்பயர் கிடையாது. அவரவர் பக்கம் விழும் பந்தை அவரவர்தான் சொல்லவேண்டும். முதல் செட் போனதும் சான்ட்ராவுக்குச் சந்தேகம் முற்றியது. இத்தனை பந்துமா வெளியே போகும்?

அடுத்த 'அவுட்'டுக்கு அவள் வலையைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"மேடம், மார்க் காட்டுங்க."

சரசா ராக்கெட்டால் காட்டினார். பந்தின் தடம் கோட்டுக்கு வெளியே தெளிவாக இருந்தது.

"சந்தேகமா இருந்தா எப்ப வேணாலும் வந்து பாருங்க டாக்டர்," என்றார் சரசா. சான்ட்ராவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அதன்பிறகு அவள் கோட்டோரம் அடிப்பதை விட்டுவிட்டாள். பந்தை வலையருகே மெல்லத் தட்டிவிட்டாள். சரசா முழங்காலை இழுத்துக்கொண்டு ஓடிவந்து எடுத்தார். ஆனால் அங்கிருந்து பின்னே போக முடியவில்லை. அவர் தலைக்கு மேல் தூக்கி அடித்தால் புள்ளி சான்ட்ராவுக்குத்தான். இவ்வளவு எளிதா, வேண்டுமென்றே விடுகிறாரா என்று அதற்கும் சந்தேகப்பட்டபடியே இரண்டாம் செட்டை எடுத்தாள்.

மூன்றாம் செட்டில் சரசாவுக்கு மேட்ச் பாயின்ட். பந்து நெடுநேரம் போய் வந்துகொண்டிருந்தது. சான்ட்ரா கடைசியில் ஓங்கி ஒன்று அடித்தாள். பந்து கோட்டோரம் விழுந்தது. சரசாவின் விரல் உடனே உயரவில்லை.

"அவுட்," என்றார் கொஞ்சம் கழித்து. குரல் சின்னதாக இருந்தது.

ஆட்டம் முடிந்துவிட்டது என்று வெளியே கைதட்டினார்கள். இன்னொரு முறை போய்ப் பார்த்து அசிங்கப்படுவதா? சான்ட்ரா கை கொடுக்க வலைவரை வந்துவிட்டாள். பிறகு நின்றாள்.

"மேடம், ஒரே ஒரு தடவை பாத்துக்கட்டுமா?"

சரசா குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

"பாக்க வேணாம். உள்ளதான் விழுந்துச்சு. கால் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது டாக்டர். முடிஞ்சா போதும்னு வாய் சொல்லிடுச்சு."

கைதட்டல் அடங்கிப்போயிற்று. புள்ளி சான்ட்ராவுக்கு மாறி, ஆட்டம் தொடர்ந்தது. அப்புறம் சரசாவுக்கு ஓட முடியவில்லை. சான்ட்ரா ஏழுக்கு ஐந்தில் ஜெயித்தாள். அதுவரை சரசா 'அவுட்' என்று சொன்ன ஒவ்வொரு பந்துக்கும் அவள் வலையைச் சுற்றிப் போய்த் தடம் பார்த்தாள். எல்லாமே வெளியேதான் விழுந்திருந்தன. அப்படியும் பார்ப்பதை அவளால் நிறுத்த முடியவில்லை.

கோப்பையை வாங்கியபின் சரசாவைத் தேடினாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து முழங்கால் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் வீங்கியிருந்தது. சான்ட்ரா ஐஸ் வாங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லலன்னாலும் நான் வந்து பாத்திருப்பேன்," என்றாள்.

"தெரியும். அதனாலதான் சொன்னேனோ என்னவோ," என்றார் சரசா, ஐஸை முழங்காலில் வைத்து அழுத்தியபடி.