மிதவையருகே மர்ரே

1

இந்தக் கதை ஒரு கேக்கிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். டாரல் முனை கடற்கரை உயிர்மீட்பு கிளப்பின் சமையலறையில், தேங்காய்த் துருவல் பூசிய லாமிங்டன் கேக்குகளுக்கு நான்தான் காவல். ரப்பர் படகுப் பந்தயத்தின் இறுதிச் சுற்றுக்குச் சற்று முன் மர்ரே உள்ளே வந்து, இரண்டை விழுங்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் கடலுக்குப் போனான். இதை எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

தொடக்கம்: "ஆகஸ்ட் மாதக் கடல், ஈயத்தைப் போல, தன் மௌனத்தை..." (வேண்டாம். கடல் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது.)

மறுபடி தொடக்கம்: மர்ரேவுக்குக் கடலில் ஒரே வேலை, மிதப்பது.

2

பந்தயத்தில் ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு மிதவை. அதனருகே ஒரு 'பேஷன்ட்', அதாவது மூழ்குபவராக நடிப்பவர், கையைத் தூக்கிக்கொண்டு மிதக்க வேண்டும். எங்கள் பேஷன்ட் மர்ரே. படகை ஓட்டுபவள் அவன் மனைவி ரேவின். படகு மிதவையைச் சுற்றித் திரும்பும்போதே, துணையாள் டீன் குனிந்து பேஷன்டை உள்ளே இழுத்துப் போட வேண்டும். பேஷன்டுக்கு வேண்டிய ஒரே தகுதி எடை குறைவு. மர்ரேவிடம் அதைத் தவிர எல்லாம் உண்டு.

போன மாதம் டீனின் பிடி வழுக்கிவிட்டது. ரேவின் கரையேறி ஓடி, முடிவுக் கோட்டைத் தாண்டியபின்தான் திரும்பிப் பார்த்தாள். கட்டின புருஷனைக் கடலில் விட்டுவிட்டு வந்தவள் என்று ஊரே கேலி செய்தது. இன்னொருமுறை அப்படி நடந்தால் மர்ரேவுக்குப் பதில் ஒல்லிப் பெண் டில்லிதான் என்று கிளப் சொல்லிவிட்டது. டில்லி ஊதினால் பறந்துவிடுவாள். மர்ரேவுக்குப் படகு ஓட்ட வராது, ஓடவும் வராது. ரேவினோடு அவன் ஒரே படகில் இருப்பது இந்த வேலையால்தான். அது போய்விடுமே என்று அவனுக்கு உள்ளூர உதறல்.

கரையில் ரேவின் மர்ரேவிடம் கேட்டாள்: "என்னத்தையாவது தின்னியா?"

"பச்சத் தண்ணி பல்லுல படல."

"மீசையில தேங்காப்பூ ஒட்டியிருக்கு."

"அது கடல் நுரை."

"நீ இன்னும் கடல்லயே இறங்கல."

"மாப்ள, என் தோளுக்கு இன்சூரன்ஸ் கிடையாது," என்றான் டீன்.

(டீனைப் பற்றி ஒரு வார்த்தை: முதல் வரைவில் அவன் ஒல்லிக்குச்சி. படித்துப் பார்த்து முறைத்தான். அதனால் இப்போது அவனுக்குப் பரந்த தோள்கள். பிடி மட்டும் பழைய பிடிதான்.)

3

படகு அலையை ஏறிக் குதித்து மிதவையை நெருங்கியது. டீன் குனிந்து மர்ரேவின் கையைப் பிடித்தான். பிடித்த கை

முடிவு ஒன்று: தூக்கிவிட்டான். வெற்றி. (உப்புச் சப்பில்லை.)

முடிவு இரண்டு: டீன் பயத்தில் பக்கத்து மிதவையிலிருந்த எதிரி கிளப் பேஷன்டை இழுத்துப் போட்டுவிட்டான். "நீங்கல்லாம் யாரு?" என்றாள் அவள். (எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் மர்ரே இன்னும் தண்ணீரில்தான் இருக்கிறான்.)

முடிவு மூன்று: ரேவின்

"யோவ் எழுத்தாளரே," என்றான் மர்ரே, தூக்கிய கையை இறக்காமல். "நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள இந்த ஆகஸ்ட் குளிர்ல நான் விறைச்சுப் போயிருவேன்."

"எல்லாம் நீ தின்ன கேக்கால வந்த வினை."

"அப்ப ஒண்ணக் குறைச்சு எழுதேன். என்ன கெட்டுப்போச்சு?"

நியாயமாகத்தான் பட்டது. முதல் பகுதிக்குப் போய் 'இரண்டை' என்பதை அடித்து 'ஒன்றை' என்று எழுதப்போனேன்.

"கைய வைக்காத," என்றாள் ரேவின் படகிலிருந்து. "ரெண்டுதான் தின்னான். தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

பேனாவை மூடிவிட்டேன். அதற்குமேல் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

4

டீனின் பிடி வழுக்குகிறது. ரேவின் ஒரு கையை மோட்டாரிலிருந்து எடுத்து நீட்டலாம். நீட்டினால் படகு கோணிக்கொள்ளும், பந்தயம் போய்விடும். அவள் கண் கரையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்க்கிறது. அதுவரைதான் எனக்குத் தெரியும். மிச்ச கேக்கை வேறு யாராவது தின்பதற்குள் நான் சமையலறைக்குப் போகவேண்டும்.

இப்போது படகில், அவனுக்குப் பக்கத்தில் இருப்பது இதைப் படிக்கும் நீங்கள்தான். கையை நீட்டுங்கள். கொஞ்சம் கனமாகத்தான் இருப்பான்.