துண்டு வைத்த கதவு

குணாளன் அந்த வீட்டில் எல்லா வேலையையும் முடித்துவிட்டான், ஒன்றைத் தவிர. வாசல் கேட்டுக்குப் பச்சைச் சாயம் பூசினான். மாடியிலிருந்த தண்ணீர்த் தொட்டியைக் கழுவினான். மோட்டார் சைக்கிள் சங்கிலியைக் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டினான். மாசாய் ஊரில் அந்த வரிசை வீடுகளிலேயே அவன் வீடுதான் பளிச்சென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மனைவி கஸ்தூரிக்கு வளைகாப்பு. அதற்காகத்தான் இத்தனை பாடு என்று அக்கம்பக்கத்தார் நினைத்தார்கள்.

பின்கட்டில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டோர் ரூம் கதவை மட்டும் அவன் தொடவில்லை. மரக்கதவு. அடிப்பலகையைக் கரையான் தின்று, தரைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு பிளவு விட்டிருந்தது. அந்தப் பிளவில் ஒரு பழைய துண்டைத் திணித்து வைத்திருந்தான்.

கஸ்தூரி மசக்கையில் கிடந்த நாட்களில் ஒருமுறை, பழைய மின்விசிறியைத் தேடி உள்ளே போனவன், அட்டைப்பெட்டிக்குப் பின்னால் அதைப் பார்த்தான். பாம்புச் சட்டை. காய்ந்த வெங்காயத் தோலைப் போல மெல்லியதாக, அவன் மணிக்கட்டளவு அகலத்தில், ஒரு முனை மட்டும் கொஞ்சம் விரிந்து கிடந்தது. அது எதன் சட்டை என்று அந்த விரிவே சொன்னது. பின்சுவரில் சாக்கடைச் சந்துப் பக்கமாக ஒரு ஓட்டை இருந்தது. சட்டையைக் கழற்றியது அந்த வழியாகப் போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். அவன் நின்று பார்க்கவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தினான். 'நாளைக்குப் பொம்பாவைக் கூப்பிடலாம்' என்று நினைத்தான். தீயணைக்கிற பொம்பாக்காரர்கள்தான் இங்கே பாம்பும் பிடிக்கிறவர்கள்.

'நாளைக்கு' என்று நினைத்த அந்த நொடியில் நெஞ்சு லேசானது. யாரோ கழுத்திலிருந்து கையை எடுத்ததுபோல் இருந்தது. அந்த ஒரு மூச்சுக்காகவே மறுநாளும் 'நாளைக்கு' என்றான். அதற்கு மறுநாளும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் மூச்சு கொஞ்ச நேரம் நிம்மதியாக வந்தது. பிறகு பயம் முன்னைவிடப் பெரிதாகித் திரும்பி வந்தது. கைப்பேசியில் எண்ணைத் தட்டுவான், அழைக்காமல் அழிப்பான். கதவு மூடியிருக்கும்வரை உள்ளே அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். திறந்தால் தெரிந்துவிடும். தெரிந்துகொள்வதற்குத்தான் அவன் பயந்தான்.

காரணத்துக்கும் பஞ்சமில்லை. பொம்பா வண்டி வந்தால் தெருவே கூடும். கஸ்தூரி பயந்துபோவாள். வயிற்றில் பிள்ளை. அதற்கும் மேல், பந்தாங் என்கிற விலக்கு. பெண்டாட்டி பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது புருஷன் உயிரைக் கொல்லக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, ஓட்டையை அடைக்கக்கூடாது. அந்தத் தெருவில் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் சண்டையில்லாமல் ஒத்துப்போகிற ஒரே சங்கதி இதுதான். வேறு எந்தச் சம்பிரதாயத்தையும் மதிக்காத குணாளன் இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

துணி துவைக்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டான். கஸ்தூரி பின்கட்டுக்கு வரக்கூடாது, அவ்வளவுதான். "கஸ்தூரி புருஷனப் பாரு" என்று பக்கத்து வீடுகளில் சண்டையே வந்தது. அவன் ஒவ்வொரு முறை துணிக்கூடையோடு போகும்போதும் கஸ்தூரி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் திரும்பி வரும்வரை நகரமாட்டாள். பாசம் என்று நினைத்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் பாமாயில் ஆலையின் கேண்டீனில் ருக்னுதீன் அவன் எதிரே தட்டை வைத்து உட்கார்ந்தான். ஒரே ஷிப்டில் வேலை செய்கிறவன். விஷயம் தெரிந்த ஒரே ஆள்.

"இன்னுமா கூப்பிடல?"

"வளைகாப்பு முடியட்டும் பாய்."

"ஓ. அதுக்கும் பத்திரிக வெச்சிட்டியா? வந்து வளையல் போட்டுட்டுப் போவட்டும்னு இருக்கியா?"

"வெளாடாதீங்க பாய். பந்தாங்லா. இந்த நேரத்துல உசுரக் கொல்லக்கூடாது."

"பொம்பாக்காரன் எங்கடா கொல்றான்? புடிச்சி சாக்குல போட்டுக் காட்டுல விடப்போறான். ஒனக்குப் பந்தாங்கும் இல்ல, மண்ணும் இல்ல. பயம்."

"பயந்தான். யாரு இல்லன்னா?"

"அப்ப பயத்தோடயே கூப்பிடு. தைரியம் வந்தப்புறம் கூப்பிடலாம்னு ஒக்காந்திருந்தா ஒன் புள்ள ஸ்கூலுக்கே போயிரும்."

குணாளன் சிரித்தான்.

அன்று மாலை வேலையிலிருந்து வந்து துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். வெளிச்சம் இன்னும் இருந்தது. மெஷினில் துணியைப் போட்டுவிட்டு, வழக்கம்போல ஓரக்கண்ணால் கதவடியைப் பார்த்தான்.

துண்டு நகர்ந்திருந்தது.

காலையில் அவன் தன் கையால் அழுத்தித் திணித்த துண்டு. இப்போது ஒரு பக்கம் சுருண்டு வெளியே வந்திருந்தது. உள்ளேயிருந்து ஏதோ தள்ளியதுபோல. இத்தனை மாதமாக 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்று வைத்திருந்ததில் பாதி அந்த நொடியே உடைந்துபோனது. துண்டைக் காலால் தள்ளக்கூடத் துணிவு வரவில்லை. திரும்பினான். சமையலறை வாசலில் கஸ்தூரி வயிற்றில் கையை வைத்தபடி நின்றிருந்தாள். அவள் முகமும் வெளுத்திருந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. சோப்புத்தூள் முடியப்போவுது."

'நாளைக்கு' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். இந்த முறை அந்த மூச்சு வரவில்லை.

மறுநாள் காலையிலேயே செடெனாக்கிலிருந்து ஷாமளா வந்து இறங்கினாள். கஸ்தூரியின் அக்கா. வாய் ஓயாது, கையும் ஓயாது. காரிலிருந்து தேங்காயையும் வாழையிலையையும் இறக்கியபடியே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன் தம்பி, கேட்டெல்லாம் பச்சையா மின்னுது, ஒங்க மூஞ்சி மட்டும் ஏன் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு? புள்ள பெறப்போறது அவளா, நீங்களா?"

"தூக்கம் இல்லக்கா."

"இப்பவே தூங்கிக்குங்க. அப்புறம் எங்க தூங்குறது?" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போனாள். "புளிச்சோத்துக்குப் பெரிய அண்டா வேணுமே. ஒங்க கல்யாணத்துக்குக் குடுத்தமே, அது எங்க? ஸ்டோர்லதான?"

குணாளன் வெங்காய மூட்டையோடு வாசலில் நின்றிருந்தான். கஸ்தூரி மேசையில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஷாமளாவின் வெறுங்கால்கள் பின்கட்டுச் சிமெண்டில் சப்தமிட்டுப் போனதும், தாழ்ப்பாள் கிரீச்சிட்டதும் இருவர் காதிலும் ஒன்றாக விழுந்தன.

"தெறக்காத!"

இரண்டு குரல்கள். ஒன்று அவனுடையது. மற்றது கஸ்தூரியுடையது.

அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். வெற்றிலை தரையில் சிதறிக் கிடந்தது.

அதற்குள் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. குக்கரின் ஆவி அடங்கும்போது வருகிற மாதிரி, நீளமாக. ஷாமளாவின் வாய் முதல்முறையாக நின்றது. அவள் அசையவில்லை, அசைய முடியவில்லை. குணாளனுக்கும் கால் வரவில்லை. ஆனாலும் போனான். எப்படிப் போனான் என்று பிறகு அவனுக்கே நினைவில்லை. ஷாமளாவின் தோளைப் பிடித்து இழுத்துப் பின்னால் தள்ளினான். துணி காயப்போடும் மூங்கிலை எடுத்துக் கதவை மோதிச் சாத்தினான். சாத்துவதற்கு முன் அந்த ஒரு சாண் வெளிச்சத்தில் பார்த்துவிட்டான்: அண்டாவின் விளிம்புக்கு மேலே விரிந்து நின்ற படம், கீழே, கதவோரத்தில், உடைந்த முட்டையோடுகள், சுற்றிலும் எலிப் புழுக்கை.

மூங்கிலைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துப் பிடித்தபடியே, மறுகையால் கைப்பேசியை எடுத்தான். விரல் நடுங்கி எண் தப்பியது. மறுபடி அழுத்தினான். நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருக்கவில்லை. முகவரியை உளறிக்கொட்டினான். "கதவைத் திறக்க வேண்டாம், யாரும் கிட்டே போக வேண்டாம், வருகிறோம்" என்றது மலாய்க் குரல். அவ்வளவுதான். இத்தனை மாதமாக அவனால் முடியாத வேலை, ஒரு கோப்பித் தண்ணீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

காத்திருக்கும்போது கஸ்தூரி சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

"மெஷினுக்குப் பின்னால வாலப் பாத்தேன். மசக்கை நின்ன புதுசுல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அடிக்கப் போவீங்க. ஒங்களக் கடிச்சிருச்சின்னா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புள்ளத்தாச்சியப் பாத்தா அதுக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்வாங்கல்ல. அந்தத் தைரியத்துல வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நீங்க வேலைக்குப் போனதும் ஒரு முட்ட வெச்சி வேண்டிக்கிட்டேன். தானாப் போயிருன்னு. துண்டத் தள்ளி முட்டைய உள்ள உருட்டிட்டு, மறுபடி சொருகிடுவேன். நேத்து கை நடுங்கி சரியாச் சொருகல. துண்டு மழத்தண்ணிக்கு வெச்சீங்கன்னு நெனச்சேன்."

"முட்டைக்கு எலி வந்திருக்கு" என்றான் குணாளன் மெதுவாக. "எலிக்காக அது தங்கியிருக்கு."

"அடிப்பாவிகளா" என்றாள் ஷாமளா. குரல் இன்னும் சரியாகத் திரும்பவில்லை. "ரெண்டு பேரும் சேந்து சோறு போட்டு வளத்திருக்கீங்க."

கஸ்தூரி தினமும் வாசலில் நின்றது எதற்கென்று இப்போது அவனுக்குப் புரிந்தது. அவன் துணி துவைத்துத் திரும்புகிற ஒவ்வொரு முறையும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

பொம்பாக்காரர்கள் வந்தார்கள். தெரு கூடியது. எதற்குப் பயந்தானோ அதெல்லாம் நடந்தது. எதுவும் பெரிதாக இல்லை. நீண்ட இடுக்கியில் அது வெளியே வந்தபோது மட்டும் குணாளன் கஸ்தூரியின் கண்ணைக் கையால் மூடினான். அவள் கையை விலக்கினாள். "பாக்கணும்" என்றாள். கருத்து, பளபளத்து, அவள் கைத்தடிமனில் இருந்தது. சாக்குக்குள் போகும்வரை பார்த்தாள். "தெடுங்" என்றார் ஒருவர். நாகம். சாமானை வெளியே எடுங்கள், ஓட்டையை அடையுங்கள், இல்லையென்றால் இன்னொன்று வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"வளைகாப்பு முடிஞ்ச ஒடனே..." என்று ஆரம்பித்தான் குணாளன். தன் குரலையே கேட்டு நிறுத்தினான்.

பின்னேரம் ஸ்டோர் காலியானது. சுவர் ஓட்டையில் சிமெண்ட் அப்பினான். கதவடிப் பிளவுக்குத் தகரம் வெட்டி வைத்தான். சுத்தியலை எடுத்ததும் கை நின்றது. ஓட்டை அடைத்தாயிற்று. இனி ஆணி. பந்தாங் பொய்யென்று அவனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கஸ்தூரி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கை வயிற்றில். மறு கையில் ஆணிகள்.

"ஒனக்குப் பயமா இல்லியா?"

"இருக்கு" என்றாள். முதல் ஆணியை நீட்டினாள். "அடிங்க."

அடித்தான். சத்தத்துக்கு இருவரும் ஒன்றாகத் திடுக்கிட்டு அவள் வயிற்றைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு அவள் அடுத்த ஆணியை நீட்டினாள்.