கூடத்துக் கிணறு

நெல் விளைவிக்கிறவனுக்குப் பெண் கொடுக்க நெல் விளைவிக்கிறவர்களே தயாராக இல்லாத காலம் இது. தகப்பன் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டே, மகளுக்கு வருகிறவன் மட்டும் காலில் சேறு படாதவனாக இருக்க வேண்டும் என்பான். இந்தக் கூத்தை யாரிடம் சொல்லி அழுவது? களமருதூர் குஞ்சம்மாள் தன் ஒரே மகன் ஜெயப்பிரகாஷுக்காக ஏறி இறங்காத கோயில் இல்லை. அவனுக்கு முன்நெற்றி ஏறிவிட்டது. கூடப் படித்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தால் வேறு தெருவாகப் போய்விடுவான்.

கல்யாணத் தரகர் பிச்சைமுத்துதான் ஒரு நாள் உள்ளதை உடைத்துச் சொன்னார். இப்போதெல்லாம் பெண்வீட்டார் மாப்பிள்ளையைப் பிறகுதான் பார்க்கிறார்களாம், முதலில் வீட்டைப் பார்க்கிறார்களாம். இந்த ஓட்டு வீட்டை வைத்துக்கொண்டு இனிமேல் என்னிடம் ஜாதகம் கொடுக்காதீர்கள் என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சமயம் பார்த்து ஜெயப்பிரகாஷ் தன் கூட்டாளி அன்புச்செல்வனோடு மலைமேல் இருக்கும் கரியாலூருக்கு அருவியில் குளிக்கப் போனான். குளித்தோமா வந்தோமா என்று இருந்திருந்தால் பிழைத்திருப்பான். திரும்பும் வழியில், வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவதற்கென்று கட்டிய ஒரு வீட்டைப் பார்த்துவிட்டான். கூரை வாழை இலை மாதிரி வளைந்திருந்ததாம். கூடத்துக்கு நடுவில் குளமாம். குளத்துக்கு நேர் மேலே கூரை திறந்திருந்ததால் மழை வீட்டுக்குள்ளேயே பெய்யுமாம். சோபாவுக்குப் பக்கத்தில் பாக்கு மரம் வளர்ந்திருந்ததாம். வாட்ச்மேனைக் கெஞ்சி உள்ளே போய்ப் படம் பிடித்துக்கொண்டு வந்தவன், சோறு தின்னும்போதும் அதையே பார்த்துக்கொண்டு தின்றான். அவன் கையிலிருந்த போனும் சும்மா இருக்கவில்லை. அன்னாசிப்பழம் மாதிரி வீடு, ஆலமரத்தின் வயிற்றுக்குள் வீடு, அருவிக்குப் பின்னால் படுக்கையறை என்று தினம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டியது. அதில் பாதி எந்த ஊரிலும் இல்லாத வீடு, கம்ப்யூட்டர் வரைந்தது என்று அன்புச்செல்வன் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்படி ஒரு வீடு கட்டினால் எவள் வரமாட்டேன் என்பாள்?

கழனி நடுவே கிணற்று மேட்டில் கட்டுவது என்று முடிவாயிற்று. அங்கேதான் அவனுக்கு அந்த யோசனை உதித்தது. தனியாகக் குளம் எதற்கு? கிணறுதான் இருக்கிறதே. அதைச் சுற்றிக் கூடத்தைக் கட்டிவிட்டால் தண்ணீர் வற்றாது, கழனிக்குப் போகும் மோட்டார் பைப்பை மட்டும் சுவருக்குள் விட்டுவிடலாம். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். அப்புறம் அவருக்கும் ஆசை பிடித்துக்கொண்டது.

குஞ்சம்மாள் கூடவே கூடாது என்று குறுக்கே நின்றாள். பாம்பு வரும் என்றாள், சுவரில் ஓதம் ஏறும் என்றாள், கொசு பிடுங்கும் என்றாள். எல்லாவற்றுக்கும் மகன் சிரித்தான்.

“இன்னாம்மா நீ, வெளிய இருந்தா ஒண்ணும் பண்ணாத கெணறு உள்ள வந்தா மட்டும் கடிச்சிடுமா?”

உண்மையான காரணம் வேறு. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஜெயப்பிரகாஷ் தத்தித் தத்தி நடக்கும் வயதில், அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி காசியம்மாள், அந்தக் கிணற்றில்தான் செத்துப்போனாள். தண்ணீர் மொள்ளப் போனவள் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சு. தண்ணீர் மொள்ளப் போகிறவள் தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றி அடுப்பங்கரை மாடத்தில் வைத்துவிட்டா போவாள்? கொழுந்தன் தினமும் குடித்துவிட்டு வந்து அடித்த அடி தெருவுக்கே தெரியும். கருமாதி முடிந்ததும் அவன் பெங்களூர்ப் பக்கம் போய் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருந்தான். அந்தத் தண்ணீரில்தான் வருஷா வருஷம் நெல் விளைந்தது. சின்ன வயசில் கேட்ட ‘வழுக்கி விழுந்தாள்’ என்பதற்கு மேல் ஜெயப்பிரகாஷுக்கு எதுவும் தெரியாது.

புருஷன் கொளஞ்சியப்பனிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். “செத்தவளத் தோண்டி எடுத்துக்கினு வராத. பையனுக்கு நல்லது நடக்கற நேரம்.”

வீடு எழும்பியது. பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. வாழை இலைக் கூரைக்குப் பச்சை அடித்திருந்தார்கள். கிணற்றைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கருங்கல் சுவர். இன்னும் உயர்த்தச் சொன்னாள் குஞ்சம்மாள். படத்தில் இவ்வளவுதான் இருக்கிறது என்றான் மகன். கிணற்றுக்குள்ளே நீலமும் சிவப்புமாக லைட்டு போட்டான். தொட்டிகளில் பாக்கு, குரோட்டன்ஸ், மலையிலிருந்து கொண்டுவந்த காட்டுச் சேம்பு. முதல் மழை கூரைத் திறப்பு வழியாக இறங்கிக் கிணற்றுக்குள் விழுந்தபோது குஞ்சம்மாளே வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். தன் பிள்ளைக்கு இவ்வளவு கற்பனை எங்கேயிருந்து வந்தது என்று பெருமையாகக்கூட இருந்தது. ஊர் மொத்தமும் வந்து செல்பி எடுத்துக்கொண்டு போயிற்று. பிச்சைமுத்து தானாகவே வந்து ஜாதகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தியாகதுருகத்திலிருந்து பெண்வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். பெண் பெயர் செந்தமிழ்ச்செல்வி, டிகிரி முடித்தவள். அவள் வரவில்லை. அப்பாவும் பெரியப்பாவும் அம்மா தங்கமணியும் வந்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிடித்திருந்தால் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பார்கள், அதாவது உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் எழுந்து போய்விடுவார்கள். குஞ்சம்மாள் வடை, பாயசம், நாலு வகைக் காய் என்று சமைத்து இலையைக் கழுவி வைத்திருந்தாள்.

ஆண்கள் கூரையை அண்ணாந்து பார்த்து அசந்துபோனார்கள். ஜெயப்பிரகாஷ் புதுச் சட்டையில், லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்துக் காட்டிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் குஞ்சம்மாள் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது. பெரியப்பாக்காரர் கை கழுவ எங்கே இடம் என்றுகூடக் கேட்டுவிட்டார்.

தங்கமணி மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. கருங்கல் சுவரை ஒட்டி ஒரு சுற்று நடந்தாள், குனிந்து உள்ளே பார்த்தாள். பிறகு அடுப்பங்கரைக்கு வந்து குஞ்சம்மாள் பக்கத்தில் நின்றாள்.

“ஏங்கக்கா, ஒண்ணு கேக்கறன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கெணத்துல யாரானா போயிருக்காங்களா?”

இல்லை என்று சொல்ல வேண்டியதுதான். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? குஞ்சம்மாள் அதைப் பல நாளாக மனசுக்குள் சொல்லிப் பழகியும் வைத்திருந்தாள். ஆனால் காசியம்மாளைக் கிணற்றிலிருந்து தூக்கிக் கிடத்திய அன்றைக்கு அவளைப் பெற்றவள் இதே மாதிரி வந்து நின்று, எம் பொண்ணு வழுக்கியா விழுந்தாள் என்று கேட்டாள். மாமியார் ஆமாம் என்றாள். குஞ்சம்மாள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பெற்றவள் கேட்ட அந்தக் கேள்வி இத்தனை வருஷம் கழித்து வேறொரு பெற்றவள் வாயில் வந்து நிற்கிறது.

“எங்க ஓரகத்தி,” என்றாள்.

“தவறி வுழுந்துதா?”

“இல்ல. அதுவா வுழுந்துது. அடி தாங்காம.”

தங்கமணி அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூடத்துக்குப் போய்ப் புருஷன் காதில் ஏதோ சொன்னாள். குலதெய்வத்திடம் பூக்கட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று எல்லாரும் எழுந்தார்கள். மாப்பிள்ளை கொண்டுவந்து நீட்டிய தண்ணீரை ஒருவரும் வாங்கவில்லை.

பெண்வீட்டாரிடம் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிச்சைமுத்து சும்மா இருப்பாரா? விஷயம் நாலு ஊருக்குப் போயிற்று. பேசி வைத்திருந்த வேறு இரண்டு இடமும் தானாகக் கழன்றுகொண்டன. பெண்ணைப் பெற்றவர்கள் யாரும் கிணற்றைச் சுற்றிக் கட்டிய வீட்டுக்குப் பெண்ணை அனுப்பத் தயாராக இல்லை. கொளஞ்சியப்பன் பெண்டாட்டியிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். ஜெயப்பிரகாஷ் கத்தவில்லை, எதையும் போட்டு உடைக்கவில்லை. ஒரு மத்தியானம் வந்து எதிரே உட்கார்ந்தான்.

“இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னாம்மா?”

“வர்றவளும் ஒருத்தி பெத்த பொண்ணுடா.”

“அத நான் அடிச்சிருப்பனா? சித்தப்பன் மாதிரின்னு நெனச்சிட்டியா என்ன?”

இல்லடா சாமி என்று அவள் பதறிக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். வார்த்தை வர ஒரு நொடி தாமதமாகிவிட்டது. அந்தத் தாமதத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு அவன் எழுந்துபோனான். பிறகு அவள் சொன்னது எதுவும் அவனுக்குள் இறங்கவில்லை.

அதிலிருந்து அவன் கழனிக்குப் போவதில்லை. போனைத் தொடுவதில்லை. வைத்த சோறு வைத்தபடி காய்ந்தது. கருங்கல் சுவர்மேல் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பான். கம்பி வலை போட்டு மூடலாம் என்று கொளஞ்சியப்பன் வெல்டிங்காரனுக்குச் சொல்லி அனுப்பினார். அவன் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று இழுத்துக்கொண்டிருந்தான்.

நடவு அன்றைக்கு ஆட்கள் வரப்பில் காத்திருந்தார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு வா என்று கொளஞ்சியப்பன் வெளியிலிருந்து குரல் கொடுத்தார். குஞ்சம்மாள் பூட்டை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். கிணறு பழையபடி வெளியே கிடந்திருந்தால் பிள்ளையை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டியிருக்கலாம். இப்போது எந்தக் கதவைப் பூட்டுவது? எதைப் பூட்டினாலும் அவனும் கிணறும் ஒரே பக்கம்தான்.

பூட்டைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். சுவரில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவனுடைய சட்டை நுனியைச் சுருட்டிக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வெளியே கொளஞ்சியப்பன் இன்னொரு தரம் கூப்பிட்டார். ஜெயப்பிரகாஷ் அவள் கையைத் தட்டிவிடவுமில்லை, அவள் பக்கம் திரும்பவுமில்லை.