ஏணி கேட்காத மரங்கள்

"துல்ஹன், ஏணி உனக்குக் கிடையாது. தொரட்டியும் கிடையாது," என்றார் முஸ்தகீம் கான்.

கமர் ஜஹான் அவருடைய தம்பி மனைவி. மலிஹாபாத்துக்கு வாழ வந்து, புருஷனையும் மண்ணுக்குக் கொடுத்தாயிற்று. அந்த வீட்டில் இன்னும் துல்ஹன், புதுப்பெண்தான். புருஷன் பங்கான மூலைத் தோப்பில் பட்டுப்போன தசேரி மாமரங்களை வெட்டிவிட்டு, அம்ரபாலி என்ற கலப்பு ரகத்தை நட்டாள். அன்றே ஊரைக் கூட்டிச் சொன்னார் கான்: முதல் மகசூலை அவளாக மண்டிக்கு அனுப்பிவிட்டால் மூலை அவளுக்கு. இல்லையென்றால் கன்றெல்லாம் பிடுங்கி, நிலம் அவரோடு சேரும்.

இந்த வருஷம் அவள் மரங்களில் முதல் காய்ப்பு; ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்க்கும் அவருடைய தசேரிகளுக்கு ஓய்வு. இலைதான். காய் பறிக்கிறவர்கள் சும்மா கிடந்தார்கள். "அவ பக்கம் போனா என் தோப்புல கால் வைக்காதீங்க" என்று அவர்களையும் தடுத்துவிட்டார்.

"ஏணி யார் கேட்டா, பாய்ஜான்?"

"அப்ப பறக்கப் போறியா?"

"நின்னுக்கிட்டே பறிப்பேன். என் மரம் என் உயரந்தான்."

"மரமா அது? ஆடு மேயுற புதரு! தசேரிக்கும் மதராஸ் நீலத்துக்கும் பொறந்தது. மழையே வந்தாச்சு, இன்னும் பச்சை. ஒண்ணாவது பழுத்துத் தானா விழுந்துச்சா? முதல் பழம் விழாம யாரு தோப்புல கை வைப்பா?"

"இது பழுத்தாலும் பச்சைதான். காம்பைச் சுத்தி தோள் எழும்பியாச்சு, முத்திடுச்சுன்னு அர்த்தம். விழட்டும்னு உக்காந்தா எறும்புதான் தின்னும்."

மறுநாள் வெள்ளைத் துணியில் பூத்தையல் போடும் அக்கம்பக்கத்துப் பெண்கள், துணி வெட்டும் கத்தரிக்கோலோடு வந்துவிட்டார்கள்.

"காம்பு விட்டு வெட்டுங்கடி, பால் வடிஞ்சா தோல் கறுத்துடும்," என்றாள் கமர்.

"ஏய் நுஸ்ஹத், மாங்காய்க்குக் காஜா எடுக்கறியா? வெட்டுடி சீக்கிரம்!"

டெம்போ நிறைந்தது. கான் வந்து அதன் முன்னால் நின்றார்.

"இந்தப் பச்சைக் காயை மண்டிக்காரன் உன் மூஞ்சியிலேயே வீசுவான்."

முன்பே பறித்து வீட்டு வைக்கோலில் பழுக்கவைத்த ஒன்றைக் கமர் அறுத்து நீட்டினாள். உள்ளே குங்கும நிறம். அவர் தொடவில்லை. டிரைவர் எட்டி வாங்கிக் கடித்தான். சாறு முழங்கை வரை ஓடியது.

"சாச்சா, வழி விடுங்க. மண்டியில வேற பழமே இல்ல, அடிச்சுக்குவாங்க."

"அடுத்த வருஷம் என் தசேரி காய்க்கும். அப்ப இதை யார் சீண்டுவான்னு பாக்கறேன்."

"நல்லாக் காய்க்கட்டும். அதுக்கடுத்த வருஷம் மறுபடி தூங்கிடும். இது வருஷா வருஷம் காய்க்கும், பாய்ஜான்." டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். "நகருங்க, வெயில் ஏறுது."

வண்டி உறுமியது. கான் நகர்ந்தார்.