நேரடி விசாரணை

எதிர்க்கட்சிக்காரருக்கு ஒரு சங்கடம் உண்டு. எங்காவது ஏதாவது கோளாறு இருந்தால்தான் அவருக்குப் பிழைப்பு. தேவசிகாமணி இருபது வருஷமாகச் சட்டசபையில் இருப்பவர், இதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார். ஆனால் நாகலூர் சின்னசாமியின் மகள் காவேரிக்குச் சாதிச் சான்றிதழ் கிடையாது என்று கையை விரித்துவிட்ட செய்தி வந்த அன்று அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

விஷயம் இதுதான். சின்னசாமி எழுபத்து நாலில் இலங்கையிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளோடு கப்பலேறி வந்தவர். அங்கே தேயிலை, இங்கே நாகலூர் எஸ்டேட்டில் காப்பி. அவரைப்போல வந்த குடும்பங்கள் ஏற்காட்டு மலையில் நூற்றுப் பத்து இருந்தன. சர்க்கார் காகிதத்தில் அவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். நாகலூர் டீக்கடையில் 'சிலோன் அகதி'. வந்து பன்னிரண்டு வருஷமாகியும் டீக்கடைப் பெயர்தான் நிலைத்திருந்தது.

கரையிறங்கியதும் மண்டபம் முகாமில் ஒரு குமாஸ்தா ஆளுக்கொரு குடும்ப அட்டை எழுதிக் கொடுத்தார். சின்னசாமியின் அட்டையில் சாதி என்ற கட்டத்தில் 'இந்தியத் தமிழர்' என்று இருந்தது. இலங்கையில் எந்தக் காகிதத்தை எடுத்தாலும் தோட்டத்து ஆட்களை அப்படித்தான் எழுதுவார்கள். அந்தப் பழக்கத்தில் சின்னசாமி குமாஸ்தாவிடம் உளறிவிட்டார், பாவம் என்று எல்லோரும் நினைத்தார்கள். தேவசிகாமணியும் அப்படித்தான் நினைத்தார்.

இப்போது காவேரி பிளஸ் டூ தேறிவிட்டாள். சேலத்தில் நர்ஸ் படிப்புக்கு மனுப் போட வேண்டும். தாழ்த்தப்பட்டோருக்கான இடத்தில் அவள் வாங்கிய மார்க்குக்கு இடம் உறுதி. சான்றிதழ் இல்லையென்றால் காப்பிப்பழம் பறிக்கிற வேலை உறுதி. தாலுகா ஆபீஸில் சாதிப் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'இந்தியத் தமிழர் என்று ஒரு சாதி இல்லை' என்று மனுவின் மேலேயே எழுதித் திருப்பிவிட்டார்கள். இந்தியாவில் இந்தியத் தமிழன் என்று ஒருவனும் இல்லையாம். நல்ல கூத்து.

தேவசிகாமணி சட்டசபைக்குக் கேள்வி எழுதி அனுப்பினார். வியாழக்கிழமைப் பட்டியலில் அது மூன்றாவதாக வந்தது. அவருடைய தொகுதி கீழே சமவெளியில், வீடு மட்டும் ஏற்காட்டில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வரும்போது தாலுகா ஆபீஸ் கிளார்க் ஆரோக்கியதாஸ் பக்கத்தில் வந்து நடந்தார்.

"அண்ணா, அந்தப் புள்ளைக்குச் செவ்வாக்கிழமை சான்றிதழ் குடுத்துருவாங்க. மேலிருந்து போன் வந்துருச்சுங்க."

"திடீர்னு என்னய்யா கரிசனம்?"

"கரிசனமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. உங்க கேள்விக்குப் பதில் எழுதி மேல அனுப்பறதே நாந்தானுங்க. சான்றிதழ் குடுத்தாச்சு, மேற்கொண்டு கேள்வி எழவில்லைன்னு ரெண்டு வரியில முடிச்சுருவோமுங்க."

தேவசிகாமணிக்குக் கணக்கு விளங்கியது. ஒருத்திக்குக் கொடுத்து நூற்றுப் பத்துக் குடும்பத்தின் வாயை அடைக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் ஜீப் பிடித்து நாகலூருக்குப் போனார். என்ன கேட்கப்போகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது கேட்கக்கூடாதது என்பதும் தெரிந்திருந்தது.

எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், சின்னசாமியின் வீடு கடைசி. அவர் பெண்டாட்டி காளியாயி கட்டிலைத் தட்டிப் போட்டு உட்காரச் சொன்னாள். தேவசிகாமணி விஷயத்தைச் சொல்லிவிட்டுக் காவேரியைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை வரைக்கும் அதை வாங்காம இருக்க முடியுமா கண்ணு?"

காளியாயி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, மனுப் போட வெள்ளிக்கிழமை கடைசித் தேதிங்க. வியாழக்கிழமைக்கு அப்பறம் அவுங்க குடுக்கலீன்னா? சட்டசபையில கை தட்டுவாங்க. எம்மவ பழம் பறிக்கப் போவோணுமுங்களா?"

தேவசிகாமணிக்குக் காதெல்லாம் சுட்டது. சின்னசாமி வாசற்படியில் குந்தியிருந்தார்.

"நான் வாங்கிக்கறனுங்க," என்றாள் காவேரி. "நீங்களும் கேளுங்க."

"குடுத்தாச்சுன்னு சொல்லிட்டா அப்பறம் கேக்கறதுக்கு என்ன கண்ணு இருக்குது?"

"எதை வெச்சுக் குடுத்தாங்கன்னு கேளுங்க. அப்பா அட்டை மாறவே இல்லீங்களே. அதே கட்டம், அதே எழுத்து. போன மாசம் ஆகாதுன்னது இந்த மாசம் எப்படி ஆச்சு?"

இருபது வருஷம் சபையில் தொண்டை கிழியக் கத்தியவருக்கு இது தோன்றவில்லை, பதினேழு வயதுப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. தேவசிகாமணி வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

சின்னசாமி ஜீப் வரைக்கும் கூடவே வந்தார். கதவைச் சாத்தும்போது, "அந்த அட்டை விசயத்தையும் சபையில பேசோணுமுங்களா?" என்று கேட்டார்.

"அதைப் பேசாம எப்படிங்க?"

"சரிங்க," என்று சொல்லிவிட்டு அவர் ஒதுங்கி நின்றார்.

வியாழக்கிழமை மந்திரி எழுந்து பதிலைப் படித்தார். சான்றிதழ் வழங்கப்பட்டுவிட்டது. மேற்கொண்டு கேள்வி எழவில்லை. ஆளுங்கட்சி வரிசையில் மேசையைத் தட்டினார்கள். அவர்கள் தட்டி ஓயட்டும் என்று தேவசிகாமணி பொறுமையாகக் காத்திருந்தார்.

பிறகு துணைக் கேள்விக்கு எழுந்தார். அட்டையின் கதையைச் சபைக்குச் சொன்னார். எழுத்தறியாத ஒரு தோட்டத் தொழிலாளி, கேட்ட கேள்வி விளங்காமல், அறியாமையால் சொன்ன பதில் என்றார். அந்தப் பதில் அட்டையில் இன்றும் அப்படியே இருக்கிறது, பின் எதன் அடிப்படையில் சான்றிதழ் கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

மந்திரி அதிகாரிகள் இருந்த பக்கம் திரும்பினார். ஒரு துண்டுச்சீட்டு வந்தது. 'நேரடி விசாரணையின் பேரில்' என்று படித்தார். நாகலூருக்கு எந்த விசாரணைக்கும் எவரும் வந்ததில்லை என்பது தேவசிகாமணிக்குத் தெரியும். அதை அவர் கிளறவில்லை. "நல்லது. அதே விசாரணையை மற்றக் குடும்பங்களுக்கும் நடத்த அரசுக்கு என்ன தடை?" என்றார். மந்திரியால் இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஆவன செய்யப்படும் என்று சொல்லி உட்கார்ந்தார்.

ஆவன செய்யப்படும் என்றால் கிணற்றில் போட்ட கல் என்று அர்த்தம். இந்தக் கல் மட்டும் என்னவோ இரண்டே மாதத்தில் மேலே வந்தது. நாகலூர் எஸ்டேட் கொட்டகையில் மேசை போட்டு, ஆத்தூர்ப் பக்கமிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ரெவினியூ இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். கரடியூரிலிருந்தும் மஞ்சக்குட்டையிலிருந்தும் சிலோன் குடும்பங்கள் பஸ்ஸில் வந்து இறங்கின. தேவசிகாமணிக்கு ஒரு கதர்த் துண்டு போர்த்தினார்கள். அவர் அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் பெருமையோடு நின்றார். காவேரி அப்போது சேலத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்ததாகச் சின்னசாமிக்கு ஒரு மகன் இருந்தான், அவனுக்கும் சான்றிதழ் வேண்டும். அதனால் முதல் பெயர் அவருடையது.

"வாங்க பெரியவரே, உக்காருங்க," என்று ஆர்.ஐ. பெஞ்சைக் காட்டினார். "சிலோன்காரங்க சமாச்சாரந்தான் பேப்பர்லயெல்லாம் வந்துச்சே. டீ குடிக்கறீங்களா?"

சின்னசாமி வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். டீ வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். பெயர், வயது, இலங்கையில் இருந்த தோட்டம் எல்லாம் சொன்னார். ஆர்.ஐ. ஒவ்வொன்றாக எழுதினார்.

"சாதி?"

சின்னசாமி மேசைமேல் இருந்த தன் அட்டையைப் பார்த்தார்.

"அட்டையில இருக்கறத உடுங்க. உங்க வாயால சொல்லோணும். நேரடி விசாரணைன்னா அதுதானுங்களே. சிலோன்காரங்கள்ல எல்லாச் சாதியும் இருக்குது, பாத்தா எனக்கெப்படித் தெரியும்?"

சின்னசாமி சொன்னார்.

"காதுல உழுகலீங்க. சத்தமா."

இன்னொரு தரம் சொன்னார். வரிசையில் முன்னால் நின்றவர்களுக்கும் கேட்டது. ஆர்.ஐ. குனிந்து எழுதினார், முத்திரை வைத்தார். தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"சரி, எந்திரிச்சு அந்தப் பக்கம் நில்லு. அடுத்தது யாரு?"

சின்னசாமி எழுந்து அந்தப் பக்கம் போய் நின்றார். ஆர்.ஐ.யைக் கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. குரலில் கோபமில்லை, ஏளனமும் இல்லை. தான் ஏதோ மாற்றிப் பேசினோம் என்றே அவருக்குத் தெரிந்திருக்காது.

தேவசிகாமணிக்குத்தான் சுருக்கென்றது. "ஏனுங்க, அவரை உக்காரச் சொல்லுங்க," என்றார்.

"அவனுக்கு முடிஞ்சுதுங்களே," என்றார் ஆர்.ஐ., மிக மரியாதையாக.

தேவசிகாமணி சின்னசாமியிடம் போனார். "மண்டபத்துல தெரியாமத்தான் அப்படிச் சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன்," என்றார்.

"தெரிஞ்சுதானுங்க சொன்னேன். கப்பல்ல வரும்போதே யோசிச்சு வெச்சிருந்தேன். புது ஊரு, ஒருத்தனுக்கும் நம்மளத் தெரியாது, இதோட போவட்டும்னு." சட்டைப் பையில் அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். "புள்ளைங்க படிக்கோணுமில்லீங்களா. பரவாயில்லீங்க. நீங்க எங்களுக்காக நொம்பப் பாடுபட்டீங்க."

அவர் சொன்னதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் தேவசிகாமணியால் தாங்க முடியவில்லை. அங்கிருந்து போய்விடலாம் என்று பார்த்தார், வரிசை கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கரடியூரிலிருந்து வந்த ஒரு கிழவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"வாங்க, உக்காருங்க," என்றார் ஆர்.ஐ. பெயரை எழுதினார், வயதை எழுதினார், தோட்டத்தை எழுதினார்.

"சாதி?"

அது தேவசிகாமணி சட்டசபையில் போராடி வாங்கிய கேள்வி. இன்னும் நூற்றெட்டுப் பேர் நின்றார்கள்.