ஈசான மூலைக் கால்

முனீஸ்வரர் கோயில் சமையல் கொட்டகைக்கு இரும்புச் சட்டம் போட்டால் சாமிக்கு ஆகாது என்று தலைவர் கணேசமூர்த்தி சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருடத் திருவிழாவில் அடித்த காற்று, பழைய மரக்கொட்டகையின் தகரத்தைப் பிய்த்து, எங்களோடு சமைக்கும் ஜானகியின் தோளில் போட்டது. அன்றிலிருந்து அவளால் வலக்கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. தலை வாரிவிட மகள் வர வேண்டும். சாமிக்கு அது மட்டும் ஆகுமா?

சுங்கை ரம்பாயில் எங்கள் கோயில் அன்னதானத்துக்கு மூவார் பட்டணத்திலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். சமைப்பது நாங்கள், பெண்கள். கமிட்டியில் உட்காருவது ஆண்கள். இப்போதெல்லாம் காற்று சொல்லிக்கொண்டா வருகிறது? இனி ஒருத்தி மேலும் தகரம் விழக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

புக்கிட் ரம்பாயில் தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு இரும்புச் சட்டம் பொருத்துகிற தேவன் எங்கள் பக்கம் பேசினான்.

"இரும்புக் காலை சிமெண்டுல போல்ட் போட்டு முடுக்கி, கூரையையும் காலோட சேத்து இறுக்கிட்டா, எந்த ரிபுட், எந்தப் புயக்காத்து வந்தாலும் அசையாது லா."

பெரிய சண்டைக்குப் பிறகு கமிட்டி இறங்கி வந்தது. தலைவர் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஈசான மூலை சாமி வர்ற வழி. அங்க இரும்பு நடக்கூடாது. அந்த ஒரு கால் மரமா இருக்கட்டும்."

நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவர்கள் கை தூக்கி முடிவு செய்துவிட்டார்கள். தேவன் தலையைச் சொறிந்துகொண்டே மரக்காலை நட்டான்.

திருவிழாவுக்கு முதல் நாள் மத்தியானம், நாங்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது வானம் இருட்டியது. செம்பனை மரங்கள் பேயாட்டம் ஆடின. "எல்லாரும் நடுவுக்கு வாங்க!" என்று கத்தினேன். ஈசான மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஜானகியை, பக்கத்தில் காய் நறுக்கிய சுசீலா இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். கூரை அலறியது. இரும்புக்கால்கள் நின்ற இடத்தில் ஒரு தகரம்கூட நகரவில்லை. மரக்கால் மட்டும் முறிந்தது. அந்த மூலைத் தகரம் மடங்கி, வெங்காயக் கூடையின் மேல் வெட்டிக்கொண்டு இறங்கியது.

மழை விட்டதும் ஆண்கள் வந்தார்கள். தலைவர் முறிந்த காலைக் குனிந்து பார்த்தார்.

"மரம் சரியில்ல. நல்ல வைரம் பாஞ்ச மரமா பாத்து நட்டுடலாம்."

நான் போய் அடுப்பு கேஸ் சிலிண்டரை மூடினேன். கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இந்த மூலையில இரும்பு நிக்கிற வரைக்கும் அடுப்பு எரியாது, தலைவரே."

"இந்திராதேவி, நாளைக்குத் திருவிழா! சனங்க பசியோட திரும்பிப் போனா சாமி குத்தம்மா."

"ஜானகி கை விளங்காமப் போச்சே, அது யாரு குத்தம்?"

"சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்கு. கோயில்ல இரும்பு…"

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய், முனீஸ்வரர் முன்னால் நட்டிருந்த ஆளுயர அரிவாளைக் காட்டினேன்.

"இது என்ன மரமா? சூலம்? வேலு? முதல்ல இதையெல்லாம் பிடுங்கி வெளிய போடுங்க. அப்புறம் எங்க கொட்டகைக்கு வாங்க."

"அது சாமியோட காவலுக்கும்மா."

"ஆமா. நாங்க கேக்குறதும் காவலுக்குத்தான்."

தலைவர் மற்ற பெண்களைப் பார்த்தார். "நீங்க போய் அடுப்பைப் பத்த வைங்கம்மா," என்றார். ஒருத்தியும் எழவில்லை. ஜானகி மட்டும் எழுந்தாள். பெரிய கரண்டியை இடக்கையால் எடுத்துக்கொண்டு போய் அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே கிண்டுங்க தலைவரே. ஈசான மூலையில நின்னு."

தலைவர் கரண்டியை வாங்கவில்லை. ஜானகியும் கையை இறக்கவில்லை. கடைசியில் அவர் யார் முகத்தையும் பார்க்காமல், "தேவா, இரும்பையே போட்டுத் தொலை," என்றார்.

தேவன் லாரியை எடுத்துக்கொண்டு போனான். "அதான் சொல்லிட்டேன்ல, இனியாவது அடுப்பைப் பத்த வைங்க," என்றார் தலைவர்.

நாங்கள் அசையவில்லை. கால் வந்து நின்று, கடைசி போல்ட்டைத் தேவன் முடுக்கி முடிக்கும்வரை, அவர் கண்ணெதிரே உட்கார்ந்தே இருந்தோம்.