மண்டையைப் போட்டவர் மாட்டிய மெஷின்

ஜோயாவுக்கு அன்றைக்கு ஒரே கவலைதான்: வேலை நிரந்தரமாகுமா, ஆகாதா. அம்பத்தூர் எஸ்டேட்டில் உட்கார்ந்து இங்கிலாந்துக்காரர்களின் வாஷிங் மெஷின் புகார்களைப் போனில் கேட்கும் வேலை. பயிற்சியின் கடைசி அழைப்பை டீம் லீடர் அருள் பக்கத்திலேயே இருந்து கேட்பார். தேறாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பூந்தமல்லி வீட்டுக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

ஆங்கில இலக்கணம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் இந்த வெள்ளைக்காரர்களுக்கு எதையும் நேராகச் சொல்ல வராது, எல்லாம் மரபுத்தொடர்தான்; அங்கேதான் அவள் தடுமாறினாள். கோவில்பதாகையிலிருந்து வரும் தோழி சிம்ரன்தான் வழி கண்டுபிடித்தாள். அகராதியைக் கட்டிக்கொண்டு அழாமல் ஒவ்வொன்றுக்கும் நம்மூர்ப் பேச்சில் ஜோடி பிடிக்கலாம் என்றாள். ‘பீஸ் ஆஃப் கேக்’ என்றால் ஜுஜுபி. ‘ஸ்பில் த பீன்ஸ்’ என்றால் போட்டு உடைப்பது. ‘கிக் த பக்கெட்’டுக்கு மண்டையைப் போடுவதை ஜோடி சேர்த்தபோது கேன்டீன் டீ இருவருக்கும் மூக்கில் ஏறியது.

அருள் சிரிக்கவில்லை. வாடிக்கையாளர் வீட்டில் சாவு என்று காதில் விழுந்தால் எழுதிக் கொடுத்த இரங்கல் வாக்கியத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்ல வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

கடைசி அழைப்பில் வந்தவர் டோரத்தி என்ற வயதான அம்மாள். மெஷினிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறதாம். யார் மாட்டியது என்று ஜோயா கேட்டாள். புருஷன்தானாம். ஆள் வைக்க மாட்டேன் என்று அடம்பிடித்துத் தானே மாட்டினாராம், அடுத்த மாதமே ‘கிக்டு த பக்கெட்’டாம்.

இரங்கல் வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தக் குரல் ஜோயாவுக்குத் தெரிந்த குரல். அப்பா இறந்ததைப் பற்றி அவள் அம்மா மஹ்பூபாவும் இப்படித்தான் பேசுவாள்: “ஒங்க அத்தா மோட்டார ரிப்பேர் பண்றேன்னு கழட்டிப் போட்டுட்டு பூட்டாரு. நான் கொடத்தத் தூக்கினு அலையறேன்.” அதைக் கேட்டு யாராவது உச்சுக் கொட்டினால் அம்மா வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். பதிலுக்குக் கிண்டல் செய்தால்தான் மனம் விட்டுப் பேசுவாள்.

இரங்கலைச் சொல்லச் சொல்லி அருள் சைகை காட்டினார். ஜோயா அந்தப் பக்கமே திரும்பவில்லை. வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு நைசாக நழுவிவிட்டாரா உங்கள் வீட்டுக்காரர் என்று கேட்டேவிட்டாள்.

அருள் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பிறகு டோரத்தி சிரித்தாள். இருமி, மூச்சு வாங்கி, மறுபடியும் சிரித்தாள். அவர் போனதிலிருந்து எல்லோரும் தன்னிடம் தணிந்த குரலிலேயே பேசுகிறார்களாம். அவருடைய அசட்டுத்தனத்தைச் சொல்லிச் சிரிக்க ஓர் ஆள் இல்லையாம். இன்றைக்குத்தான் அவர் வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி இருக்கிறதாம். ஜோயாவுக்குக் கண் நிறைந்துவிட்டது, சந்தோஷம் தாங்கவில்லை. தண்ணீர்க் குழாயின் திருகைக் கையாலேயே இறுக்கச் சொன்னாள். ஒழுக்கு நின்றது. மறுபடி ஒழுகினால் போனை நீதான் எடுப்பாயா என்று டோரத்தி கேட்க, நான்தான் எடுப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

போனை வைத்த பிறகுதான், வேலையே உறுதியில்லாமல் வாக்குக் கொடுத்துவிட்டது அவளுக்கு உறைத்தது.

“ரூல்ஸ்படி நீ ஃபெயிலுமா,” என்றார் அருள். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. “ஆனா அந்தம்மாகிட்ட எடுக்கறேன்னு சொல்லிட்டியே. நீ இல்லாங்காட்டி நானா எடுத்து சிரிக்க வெக்கறது? நாளைக்கு நேரத்தோட வந்துடு.”